ஆப்பு அசையாத மேஜை

போன வாரம் என் சொந்தக் குளியலறையிலேயே நான் சிறைப்பட்டேன். புத்தூரில் மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட். ஐப்பசி மழை விடாமல் அடித்ததில் குளியலறைக் கதவு உப்பி, நிலையோடு இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து நான் இழுக்க, வெளியேயிருந்து என் கணவர் தள்ள, "நீ சரியா இழுக்கலை" என்று அவரும் "நீங்க சரியாத் தள்ளலை" என்று நானும் கத்திக்கொண்டிருந்தோம். கலியாணமான நாளிலிருந்து நடக்கும் சண்டைதான், இந்தத் தடவை நடுவில் ஒரு கதவு. கடைசியில் வாட்ச்மேன் வந்து, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கம்மா" என்று சொல்லித் தோளால் ஓர் இடி இடித்தார். விடுதலை கிடைத்தது.

வாட்ச்மேன் வரும்வரை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நனைந்து ஊறிய மரத்தின் வாசனை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மண். எங்கள் கதவு ஒன்றும் சந்தனக் கட்டையில்லை, பில்டர் மாட்டிக் கொடுத்த ஏதோ மட்டரகம். ஆனாலும் மூக்குக்கு உசத்தி மட்டமெல்லாம் தெரிவதில்லை. அது என்னை நேரே எழுபதுகளின் கடைசிக்கு, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அந்தக் கூடத்தில் ஒரு மேஜை இருந்தது. சாப்பாட்டு மேஜை. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி. அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா வேலை. எனக்கு அப்போதுதான் கன்டோன்மென்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக வேலை கிடைத்திருந்தது. தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய், நசுங்கிக்கொண்டே திரும்புவேன். வீட்டில் சாப்பாடு தரையில், இலையில். பெருமாளுக்கு அமுது படைத்த பிறகு அப்பா, தம்பி, நான். நாங்கள் எழுந்த பிறகு அம்மா, தனியாக. சாப்பிட்ட இடம் எச்சில்; சாணித் தண்ணீரால் துடைத்தால்தான் அது மறுபடி இடமாகும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மூச்சு விடச் சொல்லித் தருகிறார்களா என்ன?

அம்மாவின் முட்டி எப்போது கெட்டது என்று எனக்குத் தெரியாது. முதலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, உட்கார்ந்தவள் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். கேட்டால் "பசிக்கலைடி" என்பாள். நானும் நம்பினேன். பசியே எடுக்காத அம்மாக்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருத்தி இருந்தார்கள்.

ஒரு நாள் அப்பா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். அம்மா நின்றபடியே பாத்திரத்திலிருந்து மோர் சாதத்தை வழித்து அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார். மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, இதே புத்தூரில் ஒரு டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போனார். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே தரையில உக்காரவே கூடாது மாமி. நாற்காலி போட்டு உக்காந்து சாப்பிடுங்க" என்றார். வீடு திரும்பியதும் அம்மா தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"நீங்கள்ளாம் கீழ உக்காந்திருக்கறச்சே நான் மட்டும் சிம்மாசனத்துலயா? நன்னாயிருக்கு!"

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அம்மா மேலே உட்கார வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் மேலே ஏறியாக வேண்டும் என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஏறிவிடலாம், அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அத்தை?

அத்தை அப்பாவின் அக்கா, கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய அம்மா போய்விட்டாள். சாதம் பிசைந்து ஊட்டி அவரை ஆளாக்கியது அத்தைதான். ஆசாரத்தில் நெருப்பு. குழாய்த் தண்ணீரில் தளிகை பண்ணினால் தொட மாட்டாள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பெருமாளைச் சேவிக்க வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவாள். அவள் எதிரில் அப்பாவின் குரல் ஒரு படி இறங்கி, பள்ளிக்கூடத்துப் பையன் குரலாகிவிடும். மேஜையில் சாப்பிடுகிற வீட்டில் அத்தை சாப்பிட மாட்டாள் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. தன் வீட்டில் அக்கா சாப்பிடாமல் போவது என்கிற நினைப்பையே அப்பாவால் தாங்க முடியாது. ஆகவே மேஜை இருக்கவும் வேண்டும், அத்தை வரும்போது இல்லாமலும் போக வேண்டும்.

இப்படி ஒரு மேஜைக்கு ஆள் பாலக்கரையில் கிடைத்தார். அப்பாவின் ஆபீஸ் நண்பர் சொல்லித்தான் போனோம். அந்தோணிசாமி என்ற அந்த ஆசாரி சர்ச் திருவிழாக்களுக்கு மேடையும் நீள மேஜைகளும் செய்பவர். திருவிழா முடிந்ததும் அத்தனையையும் பிரித்து ஒரு மூலையில் அடுக்கிவிடலாம். நாங்கள் போனபோது காதில் பென்சிலோடு ஒரு கட்டையில் உளி வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார். மரத்தூள் வாசனையும் டீ வாசனையும் கலந்து அடித்தது. அப்பா சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னார். அத்தையைப் பற்றிச் சொல்லவில்லை, வீடு சின்னது என்றார்.

"ஆணி ஒண்ணுகூடக் கிடையாதுங்க சார். ஆப்பத் தட்டினா நிக்கும். ஆப்ப எடுத்தா படுத்துக்கும்."

"தண்ணி கிண்ணி பட்டா?"

"காவேரில தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. வேங்கை சார், வேங்கை!"

எங்கோ இடித்த பழைய வீட்டு உத்தரத்தை அறுத்துச் செய்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால்சட்டம், நடுவே நீளமாக ஒரு குறுக்குக் கட்டை. கட்டையின் இரு முனைகளும் கால்சட்டத்தில் போட்ட துளை வழியாக நுழைந்து அந்தப் பக்கம் நாக்கை நீட்டும். அந்த நாக்கிலும் ஒரு துளை. அதில் மேலிருந்து ஓர் ஆப்பு. மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் மொத்த மேஜையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேல்பலகை தனி, மர முளைகளில் உட்காரும். தள்ளிப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. தூக்கியே பார்க்கிறேன் என்று இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் உண்டு.

முதல் நாள் யாருக்கும் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. தம்பி காலை ஆட்டி ஆட்டி எல்லோரையும் உதைத்தான். அப்பா சட்டசபையில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார். பாத்திரங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அம்மாவும் எங்களோடு உட்கார்ந்தாள். ஒன்று சொல்கிறேன். எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. அதுவரை என் அம்மா எப்படிச் சாப்பிடுவாள் என்று நான் பார்த்ததில்லை. சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டுவாள். ஊறுகாயைக் கடைசிவரை ஓரத்தில் பத்திரமாக வைத்திருப்பாள். பிடித்த கறியமுது வாய்க்குள் போகும்போது கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொள்வாள். அன்றிலிருந்து ராத்திரியும் அம்மாவுக்குப் பசித்தது.

ஆனால் அம்மா மேஜைக்கு ஏறினாளே தவிர, ஆசாரத்தை விட்டு இறங்கவில்லை. அவள் கணக்கில் மேஜையும் தரைதான், கொஞ்சம் உயரமான தரை. சாப்பிட்டால் எச்சில். ஆகவே இரண்டு வேளையும் பலகை முழுக்கச் சாணித் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். அதன் மேல் நல்ல தண்ணீர் விட்டு அலம்பினாள். வேங்கை நனைந்தால் மஞ்சளாகச் சாயம் விடும். அந்த மஞ்சள் தண்ணீர் பலகை ஓரம் வழிந்து, கால்சட்டத்தில் இறங்கி, துளைக்குள்ளும் ஆப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எந்த மேஜைக்கும் தினம் இரண்டு வேளை இப்படித் திருமஞ்சனம் நடந்திருக்காது. துடைத்து முடித்ததும் அப்பா பாட்டுக்குக் கொட்டாப்புளியை எடுத்து ஆப்பின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். மேஜை உறுதியாக இருக்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான்.

அத்தை வந்த முதல் இரண்டு தடவையும் எங்கள் திட்டம் பலித்தது. கார்டு வந்ததும் ஆப்பைத் தட்டி எடுத்து, மேஜையைப் பிரித்து, கால்களைப் பரணில் ஏற்றிவிட்டோம். பலகையின் மேல் மெத்தைகளை அடுக்கிவிட்டோம். அத்தை இருக்கும் நாட்களில் எல்லோரும் பழையபடி தரையில். அம்மாவுக்கு அந்த நாலைந்து நாள் தண்டனைதான். "அக்கா வரது வருஷத்துல ரெண்டு தடவை, பரவாயில்லை" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை பிய்த்து உதறியது. மார்கழி பிறந்து, வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாக அத்தையின் கார்டு வந்தது. அவள் வருகிற நாள் காலையில் அப்பா வழக்கம்போலக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்தார். தட்டினார். ஆப்பு அசையவில்லை. ஓங்கித் தட்டினார். எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்ன ஓய், ஆத்துல ஆசாரி வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார். தம்பி மேஜை மேல் ஏறிக் குதித்தான். மரம் குடித்த தண்ணீரெல்லாம் உள்ளே போய் உப்பிக்கொண்டு, ஆப்பும் நாக்கும் துளையும் ஒரே கட்டையாகிவிட்டிருந்தன; மேல்பலகையும் முளைகளை விட்டு வரவில்லை. பிரிக்காமல் அப்படியே தூக்கி ஒளித்துவைக்க அந்த வீட்டில் இடமில்லை. உள்வாசல்கள் அத்தனை குறுகல்.

நான் பாலக்கரைக்கு ஓடினேன். அந்தோணிசாமி கிறிஸ்துமஸ் மேடைக்கு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"கிறிஸ்துமஸ் முடியட்டும்மா, மறுநாளே வந்து நிக்கிறேன்."

"காவேரில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னேளே?"

"ஆமா, என்ன ஆச்சு இப்ப? கெட்டியாத்தானே நிக்குது?"

நான் திரும்பி வருவதற்குள் அத்தையின் ஜட்கா வாசலில் நின்றது. கூடத்துக்குள் நுழைந்தவள் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இதென்னடா சம்பத்து, யானை மாதிரி?"

"கொழந்தை டைப் அடிக்கறதுக்கு அக்கா. பரீட்சைக்குப் போறா."

நான் பழகுவதற்கு வாங்கிய பழைய டைப்ரைட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தோம். அத்தை கூடத்துக்கு வரும்போதெல்லாம் நான் ஓடிப்போய் உட்கார்ந்து படபடவென்று அடிப்பேன். என் ஆயுசில் அவ்வளவு டைப் அடித்ததில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் நான் தேறியது அத்தை புண்ணியம்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சமையலறையில் அம்மா மறுபடியும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். போன தடவைகளில் எப்படியோ தட்டுத் தடுமாறி உட்கார்ந்தவளுக்கு இந்தத் தடவை முட்டி மடங்கவே இல்லை. இரண்டாம் நாளே ராத்திரி "பசிக்கலை" திரும்ப வந்துவிட்டது. அப்பாவுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல அப்பா வாயைத் திறப்பார்; திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்வார். எனக்கு அவர் மேல் அப்படிக் கோபம் வந்தது.

ஏகாதசியன்று எல்லோரும் உபவாசம். மறுநாள் துவாதசிப் பாரணை, பொழுது விடிந்ததும் சாப்பிட வேண்டும். அதற்கு அம்மா பட்டினி வயிற்றோடு விடியுமுன்பே எழுந்து தளிகை செய்தாள். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. துவாதசிக்குப் புளி ஆகாது என்பதால் எலுமிச்சம்பழம் பிழிந்த சாத்தமுது. எங்களாத்தில் ரசத்துக்கு அதுதான் பெயர். அப்பாவும் தம்பியும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை கொஞ்சம் தள்ளித் தன் இலையில். அம்மாவும் நானும் பரிமாறினோம். அப்பாவும் தம்பியும் முடித்துக் கையலம்பிக்கொண்டு வந்தார்கள். அத்தை எப்போதும் நிதானமாகச் சாப்பிடுபவள்.

"கோமளம், நீயும் ஒரு எலை போட்டுண்டு எம் பக்கத்துல உக்காரு. பட்டினியோட எத்தனை நாழி நிப்பே?"

அன்பாகத்தான் சொன்னாள். அத்தையைக் கெட்டவளாக நினைத்துவிடாதீர்கள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. அப்படியே நிமிர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த மிஷினை எடுடி" என்றாள்.

நான் டைப்ரைட்டரை எடுத்தேன். அம்மா மேஜையில் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இது டைப் அடிக்கற மேஜை இல்லை. எனக்கு முட்டி மடங்கலை. ஒரு வருஷமா இதுலதான் சாப்பிடறேன். நாங்க எல்லாருமே. உங்ககிட்ட மறைச்சது தப்புதான். ஆனா எனக்குப் பசிக்கறது."

அத்தையின் கை இலையிலேயே நின்றது. "சம்பத்து, நெஜமா?" என்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மட்டும் இப்போது 'எனக்கென்ன தெரியும்' என்கிற மாதிரி எதையாவது சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அவரோடு பேசக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பா நேரே சமையலறைக்குப் போனார். கரண்டியோடு ஈயச்சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார்.

"கோமளம், சாத்தமுது விடட்டுமா?"

அக்கா எதிரில் அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. யாருக்கும் பரிமாறியும் பார்த்ததில்லை. வெறும் இலையைப் பார்த்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மொதல்ல சாதம் போடணும்." தம்பி களுக்கென்று சிரித்தான். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். அப்பா சாதப் பாத்திரத்தைத் தேடி வந்து என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அத்தை தன் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். தானே இலையை எடுத்தாள், தான் உட்கார்ந்த இடத்தைத் தானே துடைத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் அப்பாவிடம் சொன்னாள்: "முடியாதவளை நான் என்னடா சொல்றது? அவ பண்ணினது சரிதான். ஆனா எனக்கு இனிமே இந்தாத்துல கை நனைக்க முடியாது. கோவமில்லை, மனசு ஒப்பலை." அம்மா காலில் விழ முடியாமல் கைகூப்பினாள். அத்தை அவள் முட்டியைத் தடவி, "வேப்பெண்ணெய் தடவிண்டு வா" என்றாள்.

சொன்ன சொல்லை அத்தை காப்பாற்றினாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும் ஸ்ரீரங்கம் வந்தாள். தெற்கு உத்தர வீதியில் வேறு உறவுக்காரர் வீட்டில் இறங்கினாள். ஆனால் ஒரு வருஷம்கூட எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. அடுப்பேறாததற்குத் தீட்டில்லை; அவளுக்கென்று அம்மா வாழைப்பழமும் பச்சைப் பாலும் வைத்திருப்பாள். தரையில் உட்கார்ந்து பழத்தைச் சாப்பிட்டு, பாலைக் குடித்து, சாயந்திரம்வரை அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் வரும் நாளில் அப்பா காலையிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். சாப்பாட்டு நேரம் வந்ததும் அத்தை, "நாழியாறது, அவா ஆத்துல காத்துண்டிருப்பா" என்று எழுந்துவிடுவாள். தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே வந்து மேஜையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இதைப் பற்றி அவர் ஒரு நாளும் அம்மாவிடம் ஒரு வார்த்தை முனகியதில்லை. அம்மாவின் நாற்காலிக்கு அவர் கொடுத்த விலை இது என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் மேல் கோபப்பட்டவள்தான் நான்.

எண்பதுகளின் நடுவில் அத்தை போய்விட்டாள். எனக்குக் கலியாணமாகியிருந்தது, செய்தி கேட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தேன். கும்பகோணம் போய்த் திரும்பிய அப்பா ஸ்நானம் பண்ணிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அம்மா மேஜையில் இலை போட்டிருந்தாள். அப்பா அந்த இலையை எடுத்துக் கீழே தரையில் போட்டு, அதன் முன் உட்கார்ந்தார். அதற்குள் அவருக்கும் முட்டி போய்விட்டிருந்தது. அம்மா நின்றுகொண்டே பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க முடியாமல், மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா எழுந்தார்.

அப்பா இல்லை, அம்மா இல்லை. அந்த வீடு இப்போது லாட்ஜ். விற்கும்போதும் ஆப்பு வரவில்லை. நிலைக்கதவுகளைக் கழற்றி மேஜையை முழுசாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள். எச்சில், ஆசாரம் எல்லாம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போயே போயிற்று. போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. என் அம்மாவைப் பட்டினி போட்ட சமாசாரங்கள் அவை. இதை என் மகளிடம் சொன்னால், "நாற்காலியில உக்காந்து சாப்பிட்டதுக்கா இத்தனை?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சாப்பிட மனசு ஒப்பாத வீட்டுக்கு வருஷா வருஷம் வந்து ஒரு வாழைப்பழத்தோடு அரை நாள் உட்கார்ந்திருந்தாளே அத்தை, அதைத்தான் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் யார் வீட்டிலும் தாராளமாகச் சாப்பிடலாம். யாரும் வருவதில்லை.